‘ஆரண்ய காண்டம்’: நம் கரையில் ஒரு காடு

கடந்த தவக்காலத்து ஞாயிறொன்றில், காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், காசிமேட்டுத் தாய் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். மீன் விற்றுப் பிழைப்பவர். எதையும் சுற்றிவளைத்துப் பேசி அறியாதவர். “ஐயா, என் புள்ள ஒரு ரவுடிப் படத்த போன்ல திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறான். நாலு தபா பாத்துட்டான். எனக்கு பயமா கீது. அது இன்னா படம்னு நீங்க பாத்துச் சொல்லுங்க” என்றார். படத்தின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அருகில் நின்ற மகள்தான் சொன்னாள்: ‘ஆரண்ய காண்டம்.’

நாம் அப்படத்தை அதுவரை பார்த்ததில்லை. பார்க்காமலேயே அறிவுரை வழங்கிவிடுவது எளிது. அப்படி வழங்கியும் இருக்கிறோம். ஆனால் அந்தத் தாய் கேட்டது அறிவுரையன்று, விவரம். ஆகவே பார்த்தோம். ஒருமுறை பார்த்துப் பிடிபடாமல் இரண்டாம் முறையும் பார்த்தோம். அதன் பயனாக எழுந்த எண்ணங்களை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

முதலில் விவரம். ‘ஆரண்ய காண்டம்’ 2011-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் வெளிவந்த படம். தியாகராஜன் குமாரராஜா என்னும் இயக்குநருக்கு அதுவே முதற்படைப்பு. தயாரித்தவர் எஸ். பி. பி. சரண். தணிக்கைக் குழுவினர் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகளைக் கோர, தயாரிப்பாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை சென்று, பெரியவர்களுக்கு மட்டும் உரிய ‘ஏ’ சான்றிதழோடு படத்தை வெளியிட்டார். திரையரங்குகளில் அது ஓடவில்லை. ஆனால் 58-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருதும், படத்தொகுப்புக்கான விருதும் அதற்குக் கிடைத்தன. பின்னர்க் குறுந்தகடுகளிலும் கைபேசிகளிலும் பரவி, இன்று இளைஞர் பலர் பாடம்போல் ஒப்பிக்கும் படமாகிவிட்டது. கொட்டகையில் தோற்ற படம் வீட்டுக்குள் வந்து வென்றது என்று சொல்லலாம். பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தியும் இதுதான். கொட்டகை வாயிலில் ‘ஏ’ சான்றிதழைக் காட்டித் தடுக்க ஒரு காவலர் நின்றார். கைபேசியின் வாயிலில் எவரும் நிற்பதில்லை.

கதை வடசென்னையில், விடியல் முதல் இரவு வரை ஒரே நாளில் நடக்கிறது. சிங்கப்பெருமாள் என்பவர் கிழடுதட்டிப்போன ரவுடித் தலைவர். இந்தி நடிகர் ஜாக்கி ஷெராஃப் நடித்திருக்கிறார். அவர் வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் இளம்பெண் சுப்பு. அவருடைய எடுபிடியாய், எல்லோருடைய ஏளனத்துக்கும் இலக்காகி நிற்பவன் சப்பை. திறமை மிக்க கையாள் பசுபதி. ஊருக்குள் போதைப்பொருள் பொதி ஒன்று வந்திருப்பதாகப் பசுபதிக்குத் தெரிகிறது. அதை வாங்கத் தலைவரிடம் பணம் கேட்கிறான். தலைவர் தயங்க, அவருடைய முதுமையைச் சுட்டி ஒரு சொல் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு சொல்லுக்காக அவனைக் கொல்ல உத்தரவாகிறது. அவன் தப்பி ஓட, எதிர்க்குழுவான கஜேந்திரன் ஆட்களும் களத்தில் இறங்க, நாள் முழுதும் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். பொதியோ எவரும் எதிர்பாராத ஒரு சிறுவன் கையில் சிக்கிக்கொள்கிறது. அந்தச் சிறுவனைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

இனி எச்சரிக்கை. இது சிறுவர் பார்க்கத்தக்க படமன்று. குடும்பமாக அமர்ந்து பார்க்கவும் இயலாது. வசைச்சொற்கள் மலிந்துள்ளன, இரத்தம் தாராளமாய்ச் சிந்தப்படுகிறது, சுப்பு என்னும் பெண் படும் கொடுமை காணக் கூசுவது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையில் இப்படம் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் 1936-ஆம் ஆண்டில் திரைப்படங்களைப் பற்றியே தனியாக ஒரு சுற்றுமடல் எழுதினார். வெளிவரும் படங்களை எவரெவர் பார்க்கலாம் எனப் பிரித்துப் பட்டியலிட்டு மக்களுக்கு அறிவிக்க நாடுதோறும் அலுவலகம் வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். அந்தப் பட்டியலில் இப்படம் எந்த வரிசையில் நின்றிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

ஆனால் காசிமேட்டுத் தாயின் மகனுக்கு இருபது வயது. பட்டியலைக் காட்டி அவனிடம் பேச முடியாது. அவன் இதில் எதைக் கண்டான் என்று தெரிய வேண்டுமானால், நாமும் படத்தின் உள்ளே சென்றாக வேண்டும்.

நம்மூர் ரவுடிப் படங்களுக்கு ஓர் அச்சு உண்டு. நல்லவன் ஒருவன் அநீதியால் ரவுடியாவான். பத்துப்பேரை ஒரே ஆளாய் வீழ்த்துவான். நடுவே ஐந்து பாட்டு. இறுதியில் திருந்துவான், அல்லது சாவான். ‘ஆரண்ய காண்ட’த்தில் பாட்டே இல்லை. யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை மட்டும் ஒலிக்கிறது. இடையிடையே எங்கோ ஒரு வானொலியில் பழைய திரைப்பாட்டு கேட்கிறது. வினோத்தின் ஒளிப்பதிவில் அறைகள் பாதி இருளாகவும் பாதி மஞ்சளாகவும் தெரிகின்றன. ரவுடிகள் வண்டியில் போகும்போது திரைநட்சத்திரங்களைப் பற்றி வம்பளக்கிறார்கள். அடுத்த கணம் கத்தியைத் தூக்குகிறார்கள். எவரும் வீரரல்லர். எல்லோரும் பயந்தவர்கள், பயத்தை மறைக்கவே உறுமுகிறார்கள். சிங்கப்பெருமாளிடம் சிங்கமும் இல்லை, பெருமாளும் இல்லை. இந்த வகையில் இப்படம் ஒரு நேர்மையைக் காத்திருக்கிறது. ரவுடியாக வேண்டும் என்ற ஆசையை இது எவருக்கும் மூட்டாது. பார்த்து முடித்தபோது நமக்கு மிஞ்சியது சோர்வும் பரிதாபமுமே.

எனினும் அழகு இருக்கிறது, அதுவே சிக்கல். கொலையைக்கூடக் கண்ணுக்கு இனிய ஓவியமாக்கிவிடும் கைத்திறன், பார்ப்பவனுடைய அருவருப்பைச் சிறிது சிறிதாய் மழுங்கடிக்கிறது. இத்தகைய படங்கள் உலகெங்கும் உண்டு. 1979-இல் அமெரிக்காவில் வால்டர் ஹில் இயக்கிய ‘தி வாரியர்ஸ்’ இவ்வகைக்கு ஒரு முன்னோடி. நியூயார்க் நகரத்துத் தெருக்குழுக்கள் அனைத்தும் ஒரு பெருங்கூட்டத்துக்குத் திரள்கின்றன. கூட்டத்தைக் கூட்டிய தலைவன் சுடப்பட்டு விழுகிறான். பழி, கடற்கரைப் பகுதியான கோனி ஐலண்டிலிருந்து வந்த சிறு குழுவின்மேல் விழுகிறது. நகரத்தையே எதிரியாகக் கொண்டு, ஒரே இரவில் அவர்கள் தங்கள் கடற்கரைக்குத் திரும்ப வேண்டும். குழுக்கள் ஒவ்வொன்றும் நாடகப் பாத்திரங்கள்போல் வண்ண உடை அணிந்து, முகத்தில் சாயம் பூசி வருகின்றன. அப்படம் வெளியான நாட்களில் சில கொட்டகைகளை ஒட்டி அடிதடி நிகழவே, படநிறுவனம் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டது.

அதற்கு மூலம் சோல் யூரிக் என்பவர் 1965-இல் வெளியிட்ட நாவல். அவர் நியூயார்க் நகர நலத்துறையில் பணியாற்றி, ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று அவர்கள் நிலையை நேரில் கண்டவர். கதையின் கட்டுக்கோப்பையோ, பாரசீகத்தின் நடுவே தலைவரை இழந்து கடல் நோக்கி நடந்த கிரேக்கப் படையைப் பற்றி செனபோன் எழுதிய பழம்பெரும் நூலிலிருந்து எடுத்தார். நாவலில் வறுமை இருந்தது. திரைக்கு வந்தபோது வண்ணம் நின்றது, வறுமை பின்னுக்குப் போயிற்று. ‘ஆரண்ய காண்ட’த்தைப் பார்க்கையில் நமக்கும் இதே குறை தோன்றிற்று. வடசென்னையின் இருட்டு இருக்கிறது. வடசென்னையின் உழைப்பு எங்கே?

பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆரணிய காண்டம் இராமாயணத்தின் மூன்றாம் காண்டம், காட்டில் நிகழ்வது, சீதை கவரப்படுவது அதில்தான். இயக்குநர் நகரத்தைக் காடு என்கிறார். வலியது மெலியதைத் தின்னும் காடு. நல்ல உருவகந்தான். ஆனால் இராயபுரத்தையும் திருவொற்றியூரையும் எண்ணூரையும் காடு என்று எவராவது சொல்லும்போது, அங்கே வாழும் நாம் சற்று நின்று கேட்க வேண்டியுள்ளது: இந்தக் கரை தானாகவா காடாயிற்று?

இராயபுரம் என்னும் பெயரே இராயப்பரை, அதாவது புனித பேதுருவைக் கொண்டு வந்தது என்பர். மீனவரான அத்திருத்தூதரின் பெயரால் அங்கு எழுந்த ஆலயம், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டிகளின் பணத்தில் கட்டப்பட்டது. சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்கும். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில், அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் இவர்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துபோகும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். ஆளுநரானாலும் ஆயரானாலும் இவர்கள் கையைப் பிடித்துத்தான் சென்னை மண்ணை மிதித்திருப்பார். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டதும் இராயபுரத்திலிருந்துதான். காடு என்று அன்று எவரும் சொல்லவில்லை.

1876-இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கிற்று. 1881 நவம்பரில் வீசிய புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அந்தச் சுவர்கள், கரையோரமாய்த் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. மாலையில் காற்று வாங்க மெரினாவுக்குச் செல்லும் நண்பர்கள் இதைச் சற்று நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் அமரும் மணலில் ஒரு பங்கு இராயபுரத்துக்கு வரவேண்டியது. இங்கே தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. இப்போது காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கருங்கல் கொட்டிய தடுப்பும் தூண்டில் வளைவுகளுமே கரை. படகோட்டிகளின் தொழிலும் துறைமுகம் வந்ததோடு மங்கிற்று.

பின்னர் ஆலைகள் வந்தன. மோட்டார்த் தொழிற்சாலை 1948-இல் எண்ணூரில் எழுந்தது. திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலை, மோட்டார்சைக்கிள் ஆலை, மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். நகரத்துக்கு வேண்டிய வெளிச்சமும் எரிபொருளும் வண்டியும் இங்கிருந்து போயின. சாம்பலும் புகையும் எண்ணெயும் இங்கேயே தங்கின. 2017 சனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மக்கள் வாளிகளைக் கொண்டு அதை அள்ளியது நினைவிருக்கும். 2023 திசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிப் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாத இறுதியில் உர ஆலைக்குரிய கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையைக் காணாத வாசகர், அதன் ஓரமாய் ஒருமுறை சைக்கிளில் சென்று பார்க்கட்டும். இவற்றுள் ஒன்றேனும் ‘ஆரண்ய காண்ட’த்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று ஒரு கலைஞனைக் கட்டாயப்படுத்த முடியாதுதான். ஆயினும் குறை குறையே.

இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது, 2018 அக்டோபரில் வெளிவந்த வெற்றிமாறனின் ‘வடசென்னை’. அதில் ரவுடிகளின் சண்டைக்கு அடியில் நிலம் இருக்கிறது. சாலையும் துறைமுகமும் விரிவடைய வேண்டும்; குப்பம் இடம்பெயர வேண்டும்; அதை எதிர்த்து நிற்கிறான் ராஜன் என்பவன். கடத்தல்காரன்தான், ஆனாலும் தன் மக்களை விட்டுக்கொடுக்க மறுப்பவன். அவன் கையில் சோறு உண்டவர்களே அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரே கலத்தில் கையிட்டவன் காட்டிக்கொடுப்பதை ஆண்டுதோறும் புனித வாரத்தில் வாசிக்கக் கேட்கும் நமக்கு, அந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் அப்படத்திலும் படகில் அமைந்த ஒரு படுக்கையறைக் காட்சி மீனவர் மனத்தைப் புண்படுத்திற்று. படகு அவர்களுக்குத் தாய். செருப்போடு ஏறத் தயங்குவோர் இன்றும் உள்ளனர். எதிர்ப்பு எழுந்தது, இயக்குநர் வருத்தம் தெரிவித்துக் காட்சியை நீக்க இசைந்தார். கேட்டால் செவிசாய்க்கும் கலைஞர்களும் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லுகிறோம்.

2006-இல் ‘புதுப்பேட்டை’, 2014-இல் வியாசர்பாடியைக் காட்டிய ‘மெட்ராஸ்’, 2021-இல் குத்துச்சண்டைப் பரம்பரைகளை நினைவூட்டிய ‘சார்பட்டா பரம்பரை’ என்று, நகரத்தின் இந்தப் பக்கத்து மக்கள்மேல் காமிரா அடிக்கடி திரும்பியிருக்கிறது. நல்ல படங்களும் உண்டு. ஆயினும் பார்த்து முடித்தவர் மனத்தில் தங்குவது கத்திதான். அதன் விலையை நம் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். தொழிற்பயிற்சி முடித்த நம் பங்கு இளைஞன் ஒருவன், நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது காசிமேட்டு முகவரியை விட்டுவிட்டுப் பெரியம்மாள் வீட்டு முகவரியை எழுதினான். ஏன் என்றோம். முந்தின இடத்தில் முகவரியைப் பார்த்ததும் கேள்வி கேட்பவர் சிரித்தாராம், சிரித்துவிட்டு, “கத்தி கித்தி வச்சிருக்கியா?” என்றாராம். அந்த வேலை கிடைக்கவில்லை. அந்த இளைஞன் வேறெவனுமல்லன். நாம் தொடக்கத்தில் சொன்ன தாயின் மகனே. இப்போது காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலையில் இருக்கிறான்.

இனி, முன்பு விட்டுவைத்த சிறுவனைப் பற்றி.

காளையன் என்று ஒருவன். கிராமத்தில் வாழ்ந்து கெட்ட குடும்பத்தான். சொத்தெல்லாம் போய், குடியே கதியென்றாகி, ஒரு சேவலை நம்பிச் சண்டைக்குவிட நகரத்துக்கு வருகிறான். குரு சோமசுந்தரம் அந்த வேடத்தில் வாழ்ந்தே காட்டியிருக்கிறார். அவன் மகன் கொடுக்காப்புளி. பெயர் வேடிக்கையாய் இருக்கிறதென்று சிரித்துவிட முடியாதபடி அந்தப் பையனின் கண்களில் ஒரு கிழத்தனம் இருக்கிறது. தகப்பன் தள்ளாடும்போது தாங்குகிறவன் அவன், திட்டுகிறவனும் அவனே. வாயைத் திறந்தால் வசைதான். ஊரே கொலைவெறியோடு தேடும் பொதி அவன் கையில் சிக்குகிறது. தகப்பனோ ரவுடிகளின் கையில் சிக்கிக்கொள்கிறான். பையன் நினைத்தால் ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. தன்னைவிடப் பத்து மடங்கு பலமுள்ள மனிதர்களோடு, அந்தப் பொதியைப் பணயமாய் வைத்து, அப்பனைத் திருப்பிக் கேட்கிறான்.

அப்போது பெரியவன் ஒருவன் அவனிடம் கேட்கிறான்: அப்பாவென்றால் உனக்கு அவ்வளவு பிரியமா? பையன் அப்படியொன்றும் இல்லை என்கிறான். ஆனாலும் அவர் தன் அப்பா என்கிறான். அவ்வளவே. இசை பொங்கவில்லை, கண்ணீர் பெருகவில்லை. அடுத்த காட்சிக்குப் படம் போய்விடுகிறது.

நாம் அங்கே படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். நான்காம் கட்டளையை நாம் எத்தனையோ ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம். தாய் தந்தையர் நமக்காகப் பாடுபடுகிறார்கள், ஆகையால் அவர்களை மதிக்க வேண்டும் என்றே விளக்கி வந்திருக்கிறோம். பாடுபடாத தகப்பனைப் பற்றி, சம்பளத்தைக் குடித்துவிட்டு வருகிறவனைப் பற்றி, பிள்ளைகள் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதற்கு நாமும் உள்ளூர மகிழ்ந்திருக்கிறோம். கட்டளையிலோ அந்த ‘ஆகையால்’ இல்லை. நல்ல தகப்பனை மட்டும் மதி என்று சீனாய் மலையில் எழுதித் தரப்படவில்லை. தொடக்க நூலில் நோவா குடித்துவிட்டு ஆடையின்றிக் கிடக்கிறார். ஒரு மகன் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொல்லுகிறான். மற்ற இருவரும் போர்வையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னோக்கி நடந்துபோய்த் தகப்பனை மூடுகிறார்கள். அவர் குடித்தது சரி என்று விவிலியம் சொல்லவில்லை. அவர் தகப்பனல்லர் என்றும் சொல்லவில்லை.

குடிக்கிற தகப்பனுக்கு இதில் ஆறுதல் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். கொடுக்காப்புளி படும் பாட்டைப் பார்த்தபின் எந்தத் தகப்பனும் மார்தட்டிக்கொள்ள மாட்டான். பத்து வயதில் பிள்ளை தகப்பனுக்குத் தகப்பனாகிவிடுகிறான். அவன் பிள்ளையாக இருந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ரவுடிக் கூட்டங்கள் ஆள் பிடிப்பதும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதானே? வீட்டில் தகப்பன் இருந்தும் இல்லாத பிள்ளைக்கு, தெருவில் ஒருவன் ‘அண்ணன்’ ஆகிறான். 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்துகிறது. அந்த வருமானத்தில் திட்டங்கள் நடக்கின்றன என்கிறார்கள். ஐஸ் உடைக்கும் பையன் வீட்டில் எந்தத் திட்டம் நடக்கிறதென்று வந்து பார்க்க எவருமில்லை.

தாய்க்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை மிச்சமிருந்தது. பதில் சொல்லுமுன் மகனைக் கண்டு பேசினோம். மாலை வேளை, துறைமுகச் சுவரோரம் விசைப்படகுகள் அடுக்கி நின்றன. படம் பிடித்திருக்கிறதா என்றோம். ஆமென்றான். எந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய் என்றோம். துப்பாக்கியையோ துரத்தலையோ சொல்லுவான் என்றே எதிர்பார்த்தோம்.

“சண்டையா? சண்டை இங்க தெனமும் கீது, ஐயா. அத்த போன்ல வேற பாக்கணுமா?” என்றான். பிறகு சற்றுப் பேசாமல் இருந்தான். “அந்தப் பொடியன் கைல, அப்பாவப் புடிக்குமான்னு கேப்பாங்களே… அந்த எடம்.”

மேற்கொண்டு நாம் எதுவும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. தாயிடம், பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தம்பி தங்கையர் இருக்கும் அறையில் அதைப் போட வேண்டாமென்று சொல்லுங்கள் என்றோம். அவர் பாதி நம்பி, பாதி நம்பாமல் போனார்.

ஏப்பிரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிற்று. 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதமும் கையில் வேலை இராது. கடைவாசலில் கூட்டம் கூடும். மே மாதத்தில், மாதா வணக்கம் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் இரவில், கல் தடுப்பின் ஓரமாய் ஒரு மீன்பாடி வண்டி நிற்பதைக் கண்டோம். அந்தப் பையன் தன் தகப்பனைக் கைத்தாங்கலாய்த் தூக்கி, வண்டிப் பலகைமேல் கிடத்திக்கொண்டிருந்தான். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தான். அச்சொற்களை இங்கே எழுத முடியாது. கிடத்தியபின், கழுத்தில் கிடந்த துண்டை உருவி, விலகியிருந்த வேட்டியின்மேல் போர்த்தினான். நம்மைப் பார்த்தானோ இல்லையோ தெரியவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு, லாரி வரிசைக்கும் கல் தடுப்புக்கும் இடையே, மெதுவாக ஓட்டிச் சென்றான்.